பழகியவருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? பார்வையற்றோருக்கான உள்ளக வழிகாட்டிச் செயலியை அமைப்போருக்கு

ஒரு பெரிய மருத்துவமனைக்கு முதன்முறை வரும் பார்வையற்றவருக்கும், அதே மருத்துவமனைக்கு மாதம் தவறாமல் வந்துபோகிறவருக்கும், கட்டடத்துக்குள் வழிசொல்லும் உள்ளக வழிகாட்டிச் செயலிகள் பல, ஒரே வாக்கியங்களை ஒரே வரிசையில்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புதியவருக்கு அது பெருந்துணை. இடம் பழகியவருக்கோ, வெண்கோல் தரையில் எழுப்பும் ஓசையையும், எதிரே வருபவரின் காலடியையும், லிஃப்ட் வந்து நிற்கும் மணியையும் கேட்கவிடாமல் காதை அடைக்கிற பேச்சு அது. இத்தகைய செயலியை உருவாக்கவோ, கிடைக்கும் ஒன்றைத் தம் கட்டடத்தில் நிறுவவோ முதன்முறையாக முற்படும் மென்பொருள் மாணவர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், கட்டட நிர்வாகிகளுக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. பயனர் பழகப் பழகச் செயலி எதில் மாற வேண்டும், எதில் மாறவே கூடாது என்பதுதான் இங்கே பேசப்படும் பொருள்.

கற்றுக்கொள்ள நல்ல முன்மாதிரி நாவ்காக் என்ற செயலி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து உருவாக்கி 2015ஆம் ஆண்டு வெளியிட்ட இச்செயலியின் நிரல், எவரும் எடுத்துப் படிக்கும் வகையில் திறந்து வைக்கப்பட்டது. இம்முயற்சியை முன்னின்று நடத்திய சியெகோ அசகாவா, 14 வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர். 1990களில் இணையப் பக்கங்களைக் குரலில் வாசித்துக் காட்டும் ஹோம் பேஜ் ரீடரை ஐபிஎம்மில் உருவாக்கியவர். 2021இல் டோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர். பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய நாவ்காக், பின்னர் டோக்கியோவின் நிஹோன்பாஷி வணிகக் கட்டடங்களிலும் பிட்ஸ்பர்க் விமான நிலையத்திலும் சோதிக்கப்பட்டது.

அந்தக் குழுவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் பொருளுக்கு நேரே உரியது. பார்வையற்ற 13 பேரை இரண்டு வழிகளில் நடக்கவைத்தார்கள். ஒரு வழி அவர்களுக்கு முற்றிலும் புதியது. மற்றது முன்பே படித்துப் பழகி நடந்து பார்த்தது. எந்த அறிவிப்பு வேண்டும், எது வேண்டாம் என்று நடக்கும்போதும் நடந்த பிறகும் கேட்டறிந்தபோது, தேவைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. ஒரே ஆளுக்கும் வழியறிவைப் பொறுத்து மாறின. ஆகவே “புதியவர்”, “அனுபவசாலி” என்று இரண்டு பொத்தான்களை வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அனுபவம் எங்கே சேர்கிறது என்பதைச் சரியாகப் பிடிப்பதில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது.

முதல் படி: செயலியின் அறியாமையை அளந்துகொள்ளுங்கள்

செயற்கைக்கோள்களிலிருந்து வரும் ஜிபிஎஸ் அலைகள் சுவரையும் கூரையையும் தாண்டி வருவதற்குள் வலுவிழந்துவிடுவதால், கட்டடத்துக்குள் இடமறிய வேறு வழி தேவைப்படுகிறது. நாவ்காக் பயன்படுத்தியது புளூடூத் பீக்கன்கள். சில மீட்டர் இடைவெளியில் சுவரிலோ கூரையிலோ ஒட்டப்பட்டு, வானொலி அலையைப் பரப்பிக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் இவை. எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பீக்கனின் அலை எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்பதை முன்கூட்டியே நடந்து பதிவுசெய்துகொண்டு, பயனரின் கைப்பேசி பெறும் அலைகளை அந்தப் பதிவோடு ஒப்பிட்டும், கைப்பேசியின் இயக்க உணரிகள் தரும் நடைக் கணக்கைச் சேர்த்தும் செயலி இடத்தைக் கணிக்கிறது. மனித உடலில் உள்ள நீர் இந்த அலைவரிசையை உறிஞ்சக்கூடியது என்பதால், காலியான நடைகூடத்தில் நன்றாக வேலை செய்த கணிப்பு, கூட்ட நேரத்தில் தடுமாறும்.

நன்கு அமைக்கப்பட்ட இடத்திலும் சராசரியாக ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒரு சாதாரணக் கதவின் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே “கதவு உங்கள் வலப்பக்கம் இருக்கிறது” என்று செயலி உறுதிபடச் சொல்லும் நேரத்தில் அங்கே சுவர்தான் இருக்கக்கூடும். இடம் பழகியவர் அந்தப் பிழையைத் தன் அறிவால் சரிசெய்துகொண்டு இரண்டடி முன்னே போய்க் கதவைத் தொடுவார். புதியவரால் அது முடியாது. செயலியை நம்புவதா, கையில் தட்டுப்படும் சுவரை நம்புவதா என்று நின்றுவிடுவார். இந்தப் பிழையளவை உங்கள் கட்டடத்தில் பகுதி பகுதியாக, ஆள் நடமாட்டம் உள்ள நேரத்திலும் இல்லாத நேரத்திலும் அளந்து எழுதிவையுங்கள். பின்னால் பயனர் தடுமாறினாரா, செயலி தடுமாறியதா என்று தீர்மானிக்க இந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

இரண்டாம் படி: கோலுக்கும் காலுக்கும் காதுக்கும் எட்டும் வரைபடம்

கட்டட நிர்வாகம் தரும் வரைபடத்தில் அறைகளின் பெயரும் எண்ணும் இருக்கும். பார்வையற்றவர் நடந்து செல்லத் தேவையானவை பெரும்பாலும் அதில் இரா. தரை எங்கே சொரசொரப்பிலிருந்து வழவழப்புக்கு மாறுகிறது, எந்த இடத்தில் சுவர் முடிந்து திறந்த வெளி தொடங்குவதால் ஓசை மாறுகிறது, குளிர்பதனக் காற்று எங்கே முகத்தில் படுகிறது, லிஃப்டின் பொத்தான் கதவுக்கு எந்தப் பக்கம், எந்த உயரம், எந்தத் தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்புக் கருவி கோலுக்குச் சிக்காமல் தோளில் இடிக்கும் என்பன போன்றவற்றை, பார்வையற்ற ஒருவரோடு கூடவே நடந்து சேகரிக்க வேண்டும். அவருக்கு இதற்கான ஊதியமும் வழங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டடத்தைப் பற்றிய அவரது வாசிப்பு ஒரு தொழில்திறன்.

வழிகாட்டி நாயுடன் வருபவர்களையும் இந்த நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் தடைகளைச் சுற்றி அழைத்துச் சென்றுவிடுவதால், கோலால் தட்டிக் கண்டறியும் தூணும் குப்பைத் தொட்டியும் அவருக்கு அடையாளமே ஆகா. அவருக்குத் திறப்புகளும், தரை மாற்றமும், ஓசையும்தான் உதவும். அடையாளங்களைப் பதியும்போதே ஒவ்வொன்றும் கோலால் அறியப்படுவதா, காலால் அறியப்படுவதா, காதாலா, மூக்காலா என்று குறித்துவைத்தால், பின்னர் ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுத்துச் சொல்வது எளிதாகும்.

மூன்றாம் படி: முதல் வருகைக்கான முழுப் பேச்சை எழுதுங்கள்

குறைக்க வேண்டுமானால் முதலில் நிறைவாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையின் நுழைவாயிலிலிருந்து லிஃப்ட் வரை செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். முதன்முறை வருபவர் கேட்க வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“நேராக 14 மீட்டர் செல்லவும். தரை வழவழப்பாக மாறும் இடத்தில் பாதை பிரிகிறது.”
“பிரிவை நெருங்குகிறீர்கள்.”
“வலப்புறம் திரும்பவும்.”
“வலப்பக்கச் சுவரை ஒட்டி 22 மீட்டர் செல்லவும். இடப்பக்கம் மருந்தகம், வரிசையில் ஆட்கள் நிற்கக்கூடும்.”
“வலப்பக்கம் இரண்டு லிஃப்டுகள். பொத்தான் இரண்டுக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில்.”

இவற்றில் “திரும்பவும்” என்பதுதான் மிகவும் கவனம் வேண்டுவது. திருப்பங்களைப் பற்றி நாவ்காக் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயனர்கள் வேண்டிய கோணத்தைவிடச் சராசரியாக 17 பாகை (டிகிரி) கூடுதலாகத் திரும்பிவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. 17 பாகை விலகி 10 மீட்டர் நடந்தால் ஏறத்தாழ 3 மீட்டர் பக்கவாட்டில் போய்விடுவோம். அகன்ற கூடத்தில் அது முற்றிலும் வேறு இடம். ஆகவே சரியான திசைக்கு உடல் வந்ததும் ஓர் அதிர்வோ சிறு ஒலியோ கொடுத்து நிறுத்தும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது நேரம். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு, சொல்லி முடிக்க ஐந்து நொடி பிடிக்கும் வாக்கியம் ஐந்து மீட்டர் நீளமுடையது. திருப்பத்துக்கு இரண்டு மீட்டர் முன்னால் அதைத் தொடங்கினால், முடிவதற்குள் அவர் திருப்பத்தைக் கடந்திருப்பார். கேட்டதற்கும் உடல் அசைவதற்கும் இடையே எடுத்துக்கொள்ளும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் சில திருப்பங்களிலேயே அதை அளந்து, அவரவர் நடைக்கேற்ப அறிவிப்பை முன்னே பின்னே நகர்த்துவது, நான் அறிந்தவரை, மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தரும் தகவமைப்பு. பேச்சின் வேகத்தைப் பயனர் ஏற்கெனவே தன் கைப்பேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கிலோ வாய்ஸ்ஓவரிலோ அமைத்துவைத்திருப்பார்; அதைச் செயலி அப்படியே மதிக்க வேண்டும்.

நான்காம் படி: அனுபவத்தைப் பாதைத்துண்டின் கணக்கில் எழுதுங்கள்

புதியவர்கள் செயலியை வடிவமைக்கும்போது, பத்து முறை பயன்படுத்தினார் என்றால் இவர் அனுபவசாலி என்று பயனரின் பெயரில் ஒரு நிலையைப் பதிந்துவைக்கத் தோன்றும். அது போதாது. பத்து முறை வந்தவர் பத்து முறையும் புறநோயாளிப் பிரிவுக்கே போயிருப்பார். பதினோராம் முறை பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், அந்தப் பாதி வழியில் அவர் முதல் நாள் வந்தவரேதான்.

எனவே வழியைத் திருப்பத்துக்குத் திருப்பம் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை நடந்தார், கடைசியாக எப்போது, எத்தனை முறை “மறுபடி சொல்” என்று கேட்டார், எங்கே நின்றார், எங்கே திரும்பி வந்தார் என்பவை அதில் இருக்கட்டும். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் வெவ்வேறு கணக்கு வேண்டும் என்பதை மறவாதீர்கள். போகும்போது வலப்பக்கம் கைக்கு எட்டிய சுவர் வரும்போது இடப்பக்கம் இருக்கும். திருப்பத்துக்கு முன்னால் வந்த தரை மாற்றம் இப்போது அதற்குப் பின்னால் வரும். பார்வையோடு நடப்பவருக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த மாற்றம், தொட்டும் கேட்டும் நடப்பவருக்கு ஏறக்குறைய புதிய பாதை.

இதோடு, செயலியைக் கையாளும் பழக்கத்தையும் தனியே எண்ணுங்கள். அதிர்வின் பொருள் என்ன, ஒற்றை ஒலி எதைக் குறிக்கிறது என்று கற்றுக்கொண்டவர், புதிய கட்டடத்துக்குப் போனாலும் அந்த அறிவை எடுத்துச் செல்கிறார். அங்கே அவருக்கு வழி விளக்கம் முழுமையாக வேண்டும்; ஒலிகளின் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த நடைப் பதிவுகள் ஒருவர் எந்த மருத்துவப் பிரிவுக்கு எத்தனை முறை போனார் என்பதையே காட்டிக்கொடுக்கக்கூடியவை. அவை கைப்பேசியை விட்டு வெளியே போகாமல் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: குறைக்கும் வரிசை

ஒரு துண்டைத் தடுமாற்றமின்றி எத்தனை முறை நடந்தால் பேச்சைக் குறைக்கலாம்? தொடக்கத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு, உங்கள் பயனர்களோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணைவிட முக்கியம் எதை முதலில் விடுவது என்பது. மீட்டர் கணக்கை முதலில் விடலாம், ஏனெனில் பழகியவர் தூரத்தை உடலால் அறிந்திருப்பார். அடுத்து “நெருங்குகிறீர்கள்” என்ற முன்னறிவிப்பு போகலாம். அடையாளங்களைக் கடைசிவரை வைத்திருங்கள். நாம் மேலே பார்த்த அதே வழி, சிலமுறை நடந்தவருக்கு இவ்வாறு சுருங்கும்:

“வழவழப்பான தரையில் வலப்புறம்.”
“மருந்தகம் தாண்டி, வலப்பக்கம் லிஃப்ட்.”

நன்கு பழகியவருக்குத் திருப்பத்தில் ஓர் ஒலியும், முடிவில் “லிஃப்ட்” என்ற ஒரு சொல்லும் போதும்.

ஆனால் பழகியவருக்கு எல்லாமே குறைவாக வேண்டும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திருப்பங்களைப் பற்றிய கவலை நீங்கிய பிறகுதான் சுற்றியிருப்பதை அறியும் ஆர்வத்துக்கு இடம் கிடைக்கிறது. இடப்பக்கம் என்ன கடை, அந்தக் கதவுக்குப் பின்னால் எந்தத் துறை, இந்த நடைகூடம் அந்தப் பக்கம் எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் முதல் நாள் சொல்லியிருந்தால் சுமை. இப்போது சொன்னால், தனித்தனி வழிகளாக மனத்தில் இருந்தவை ஒன்றோடொன்று இணைந்து, கட்டடத்தின் முழு உருவம் அவருக்குள் உருவாகும். குறுக்குவழி கண்டுபிடிப்பதும், வழி மறிக்கப்பட்டால் வேறு வழியில் போவதும் அதன் பிறகே கைகூடும். எனவே வழிச்சொல் குறையும் இடத்தில் சூழல்சொல் கூட வேண்டும். அதையும் தானாகக் கொட்டாமல், பயனர் ஒரு தட்டு தட்டினால் சொல்வதாக அமையுங்கள்.

எந்த நிலையிலும் குறைக்கக் கூடாதவை சில உண்டு. படிக்கட்டின் தொடக்கம், நகரும் படிக்கட்டின் திசை, தலை உயரத் தடை, தானாகத் திறந்து மூடும் கதவு, கழுவி ஈரமாக இருக்கும் தரை ஆகியவற்றை ஆயிரம் முறை நடந்தவருக்கும் சொல்லுங்கள். சொல்லும் விதம் சுருங்கலாம், சொல்லாமல் விடலாகாது. அன்றன்று ஏற்படும் மாற்றமும் இந்த வகையே. இடப்பக்க லிஃப்ட் பழுது என்ற செய்தி புதியவரைவிடப் பழகியவருக்கே அதிகம் தேவை, ஏனெனில் அவர் யோசிக்காமல் அங்கேதான் போய் நிற்பார்.

மௌனத்தைப் பற்றி

பேச்சைக் குறைத்த செயலி எதிர்கொள்ளும் பெரிய சிக்கல் இது. செயலி பேசாமல் இருந்தால், எல்லாம் சரியாகப் போகிறது என்று பொருளா, செயலி நின்றுபோய்விட்டது என்று பொருளா? திரையைப் பார்க்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பழகியவர்கள் பேச்சைக் குறைத்துவிட்டு, உடனே மறுபடி கூட்டிக்கொள்வதற்கு இந்த ஐயம் ஒரு காரணமாக இருக்கக்கூடும். எனவே பேச்சு இருந்த இடத்தில் வெறுமையை விடாமல், ஒவ்வொரு துண்டையும் கடக்கும்போது கையில் ஒரு மெல்லிய அதிர்வு, நீண்ட நேர்பாதையில் அவ்வப்போது ஒரு மிகச் சிறு ஒலி என ஏதேனும் ஒன்றைக் கொடுங்கள். இடக்கணிப்பு கலங்கும்போது அந்த ஒலி மாற வேண்டும். “இடம் தெளிவாகத் தெரியவில்லை” என்று செயலி நேர்மையாகச் சொல்லவும் வேண்டும். ஒலியைக் காதை மூடாமல் எலும்பின் அதிர்வு வழியே கேட்கவைக்கும் எலும்புவழி ஹெட்போனில் கேட்கும்படி பரிந்துரையுங்கள்.

ஆறாம் படி: திரும்பி ஏறும் வழி

அனுபவம் ஒரே திசையில் வளர்வதில்லை. ஆறு மாதம் வராமல் இருந்து திரும்புகிறவர் பாதியை மறந்திருப்பார். கட்டடத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுந்தால் எல்லாருடைய அறிவும் அந்தத் துண்டில் பழசாகிவிடும். எனவே நாட்கள் கடந்த துண்டுகளுக்கு ஒரு நிலை கூடுதலாகப் பேசுங்கள். வரைபடத்தில் மாற்றம் பதிவான துண்டுகளுக்குக் கணக்கைத் தொடக்கத்துக்கே கொண்டுபோங்கள். இதற்காகவேனும் வரைபடத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கட்டட ஊழியர் ஒருவரின் பெயரில் எழுதிவைக்க வேண்டும். பீக்கன்களின் மின்கலம் தீர்ந்துபோவதைக் கவனிப்பதும் அவருடைய வேலையாக இருக்கட்டும்.

நடக்கும்போதே தடுமாற்றம் தென்பட்டால் என்ன செய்வது? பயனர் நின்றால், பின்னோக்கி நடந்தால், வழியை விட்டு விலகினால், உதவியைக் கூட்டலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அவர் தெரிந்தவரோடு பேச நின்றிருக்கலாம்; தேநீர் வாங்க விலகியிருக்கலாம்; அல்லது முதல் படியில் அளந்தீர்களே, அந்த ஒன்றரை மீட்டர் பிழை அவரை விலகியவராகக் காட்டியிருக்கலாம். “தவறான வழியில் செல்கிறீர்கள்” என்று பழகியவரிடம் தவறாகச் சொல்லும் செயலியை அவர் அடுத்த முறை திறக்கமாட்டார். அந்த இடத்தின் பிழையளவைத் தெளிவாகத் தாண்டிய விலகலுக்கு மட்டும், “லிஃப்ட் உங்களுக்குப் பின்னால், வலப்பக்கம் இருக்கிறது” என்று இடத்தை மட்டும் தெரிவியுங்கள். திருத்திக்கொள்வதும் திருத்தாமல் போவதும் அவர் விருப்பம்.

ஏழாம் படி: முடிவு யாருடையது

செயலி தானாகவே நிலையைக் குறைக்க வேண்டுமா, பயனர் சொன்னால் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, முன்மொழிவது செயலி, முடிவெடுப்பது பயனர் என்ற ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன். வழி முடிந்து அவர் பாதுகாப்பாக நின்ற பிறகு, “இந்த வழியில் அடுத்த முறை சுருக்கமாகச் சொல்லட்டுமா?” என்று ஒருமுறை கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். எந்த நேரமும் ஒரே சைகையில் முழுப் பேச்சுக்குத் திரும்பும் வசதி இருக்கட்டும். உடல்நலமின்மை, தூக்கமின்மை, கையில் சுமை, கூட்ட நெரிசல் எனப் பழகியவருக்கும் முழுத் துணை வேண்டிய நாட்கள் உண்டு. வழியை நன்றாக அறிந்தும் முழுப் பேச்சையே விரும்புகிறவர்களும் இருப்பார்கள். அதைத் தேர்ச்சிக் குறைவாகக் கருதி, குறைக்கச் சொல்லி மீண்டும் மீண்டும் நச்சரிக்காதீர்கள்.

வருவதற்கு முன்பே அனுபவத்தைத் தொடங்கிவைக்கவும் முடியும். வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் வழியைத் துண்டு துண்டாகக் கேட்டு, மனத்தால் நடந்து பார்க்கும் முறையை இதே ஆய்வாளர் குழு 2017இல் சோதித்தது. நேரில் வருவதற்கு முன்பே வழியறிவு ஓரளவு சேர்ந்துவிட முடியும் என்பது அதில் தெரிந்தது. உங்கள் செயலியில் இவ்வசதி இருந்தால், வீட்டுப் பயிற்சியை நேரடி நடையாக எண்ணிவிடாமல், கணக்கில் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோல் எங்கே தட்டும் என்பதை அங்கே போய்த்தான் அறிய முடியும்.

சோதனை

ஒருநாள் ஆட்களை அழைத்து நடக்கவைத்து, போய்ச் சேர்ந்தார்களா என்று பார்ப்பது முதல் வருகைக்கான சோதனை மட்டுமே. பழக்கத்துக்கேற்ப மாறும் செயலியைச் சோதிக்க, அதே ஆட்கள் அதே கட்டடத்துக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அவர்களுக்கு அங்கே உண்மையான வேலை இருப்பது இன்னும் நல்லது. கட்டடத்தில் பணிபுரியும் அல்லது படிக்கும் பார்வையற்றவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பிறவியிலிருந்து பார்வையற்றவர், பிற்காலத்தில் பார்வை இழந்தவர், கோலோடு நடப்பவர், நாயோடு நடப்பவர், காது சற்று மந்தமானவர் என வேறுபட்டவர்கள் இருப்பது அவசியம். ஒவ்வொரு வாரமும் எந்த அறிவிப்பு தேவையற்றதாக இருந்தது, எது வராமல் போனதால் தவித்தார்கள் என்ற இரண்டையும் துண்டுவாரியாகக் கேட்டுப் பதியுங்கள். சில வாரங்கள் கழித்து ஒருநாள், அவர்களின் முழு ஒப்புதலோடும் உடன்வரும் துணையாளரோடும், செயலியை அணைத்துவிட்டு அதே வழியில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் துண்டில் கோல் தயங்குகிறதோ, அங்கே பேச்சைச் சீக்கிரம் குறைத்துவிட்டீர்கள், அல்லது கைக்கும் காலுக்கும் எட்டும் அடையாளம் ஒன்றை வரைபடத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்தத் துண்டுக்குத் திரும்பிப் போய், அவரோடு மறுபடியும் நடந்து பாருங்கள்.